பாதாளத்துக்குள் டெல்லி வெயில்

ஒரு வெள்ளைக்காரர் தலையோடு சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஆவி பிடிக்கிறவரைப் போல மடியை நோக்கிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சால்வைக்குள்ளிருந்து கத்திச் சண்டைச் சத்தமும் நடுநடுவே அவருடைய பெருமூச்சும் கேட்கின்றன. சுற்றி நின்ற நாங்கள், கையிலிருந்த வேர்க்கடலையை உரிக்கக்கூடத் தோன்றாமல் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் மேனேஜர் மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் அல்ல, இந்த முதுகுதான். அது மேடத்தின் சால்வை. அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது மேடத்தின் வேலை, கூடவே எங்கள் எல்லோருடைய வேலையும்.

அப்போது நான் டெல்லியில் முனிர்கா பகுதியில், என்னைப் போலவே திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன். எங்கள் கம்பெனி தெற்கு டெல்லியில் ஒரு வீட்டின் மேல் மாடியில் இருந்தது. செல்போன்களுக்கு ரிங்டோனும், சாமி படம் பூப்படம் போட்ட வால்பேப்பரும் செய்து காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது. அதற்குப் போய்க் கடல் கடந்து ஒரு பெரிய வேலை வந்தது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் டிவிக்கு முன்னால் பழியாய்க் கிடந்து விளையாடிய ஒரு சாகச விளையாட்டு. கையில் ஒரு விளக்கோடு, மண்ணில் புதைந்த நகரங்களுக்குள் இறங்கிப் போகிற ஒருவனின் கதை. பாகம் பாகமாக வந்துகொண்டிருந்த அதை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற கன்சோல் என்ற சின்ன விளையாட்டுக் கருவிக்கு ஏற்றபடி மாற்றிச் செய்து தர வேண்டும். முதலில் ஒரே ஒரு நிலவறையைச் செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் முழு விளையாட்டும் உங்களுக்கே என்றார்கள். பிடிக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு ரிங்டோனுக்கே திரும்பிவிடுவோம் என்றார் எங்கள் முதலாளி. ரிங்டோனுக்கு இத்தனை பேர் தேவையில்லை என்பதை அவர் சொல்லவில்லை, எங்களுக்கே தெரிந்திருந்தது.

இந்த வேலையைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவர் மேடம்தான். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மத்திய அரசாங்க குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்து, மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட் வாங்கி ஓய்வு பெற்றவர். மேடம் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டெல்லி. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார்; பேச்சு மட்டும் நேற்றுத்தான் திருநெல்வேலியில் ரயிலேறி வந்து இறங்கியவர் மாதிரி இருக்கும், ஊடே ஊடே இந்தி. என்னை விட நாலைந்து வயதுதான் பெரியவர். வீட்டில் எல்லோரும் அரசாங்கப் பரீட்சை எழுதச் சொன்னபோது, வீடியோ கேம் செய்யப் போகிறேன் என்று கிளம்பியவர். இந்த நிலவறை தேறாவிட்டால் அப்பா சொன்ன பரீட்சைக்கு உட்கார்ந்துவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். விண்ணப்பம் வாங்கி அப்பாவே தயாராக வைத்திருந்தாராம்.

இத்தனைக்கும் மேடத்துக்கு விளையாடவே வராது. எங்கள் நிலவறையில் முதல் பள்ளத்திலேயே விழுந்து செத்துப்போவார். ஆனால் வேறு யாராவது விளையாடும்போது திரையைப் பார்க்காமல் விளையாடுகிறவரின் தோளையும் புருவத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். "இங்கன உனக்குச் சலிப்பா இருக்கு" என்பார். அது சரியாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அந்த விளையாட்டின் உயிரே இருட்டுதான். கையில் இருக்கும் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும், மற்றதெல்லாம் கும்மிருட்டு, அதற்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம். எங்கள் ஓவியப் பிரிவின் தலைவர் ஒரு வங்காளி. ஆபீஸே அவரை வங்காளி வழக்கப்படி தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். அந்த இருட்டை அப்படியே சின்னத் திரைக்குள் கொண்டுவர அவர் மாதக்கணக்கில் உழைத்தார். இருட்டில் எத்தனை இருட்டு உண்டு என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, டியூப்லைட்டை அணைத்துவிட்டு அவர் காட்டும்போது எங்களுக்கே உடம்பு சிலிர்க்கும்.

டெல்லி ஜனவரியில் மத்தியான நேரத்தில் புத்தியுள்ளவர்கள் யாரும் அறைக்குள் இருக்க மாட்டார்கள். நாங்களும் டிபன் டப்பாக்களையும் ஆரஞ்சுப் பழங்களையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். "ஏட்டி, ஜல்தி வா, வெயில் போயிரும்" என்று மேடம் முதல் ஆளாகப் படியேறுவார். கன்சோலை மட்டும் கீழேயே விட்டுவிட்டுப் போவோம். அது கம்பெனிக்காரர்கள் நம்பிக் கொடுத்த ரகசியச் சரக்கு, மேஜையோடு கம்பி போட்டுப் பூட்டியிருக்கும். இப்படி ஒரு குளிர்காலம் பூராவும் நாங்கள் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம், வெளியே எடுத்துப் போவதற்கென்றே செய்த கருவி கீழே இருட்டில் கிடந்தது. இதில் என்ன தப்பு என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

நிலவறையைப் பார்வையிட அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். எங்களுக்குள் அவருக்கு துரை என்று பெயர். நல்ல மனிதர், மெல்லப் பேசுவார். அவர் வந்த அன்று பார்த்து கரண்ட் போயிற்று. ஹீட்டர் அணைந்தது, அறை ஐஸ் பெட்டி ஆயிற்று. மேடம் தயங்கவே இல்லை, கம்பியைக் கழற்றிக் கன்சோலை எடுத்துக்கொண்டு துரையை மாடிக்கு அழைத்தார். கருவி ஆபீஸைத் தாண்டக்கூடாதே என்று முதலாளி இழுத்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் சேர்த்துத்தானே வாடகை கொடுக்கிறோம், அதுவும் ஆபீஸ்தான் என்றார் மேடம்.

துரை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கையால் மறைத்துப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, இதில் என்னுடைய மூக்கு மட்டும்தான் தெரிகிறது என்றார். தாதாவின் முகம் வெளுத்துவிட்டது. மேடம்தான் சட்டென்று தன் சால்வையை எடுத்து அவர் தலைமேல் போட்டார். அந்தக் கூடாரத்துக்குள் அவர் நிலவறையை முழுதும் விளையாடி முடித்தார். தலைமுடி கலைந்து வெளியே வந்து, இருட்டு பிரமாதமாக இருக்கிறது, எங்கள் விளையாட்டில் இருப்பது மாதிரியே இருக்கிறது என்று பாராட்டினார். அடுத்தாற்போல், ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு சால்வையும் சேர்த்துத் தருவதாக இருக்கிறீர்களா என்று கேட்டார். பெங்களூரில் இன்னொரு கம்பெனியும் ஒரு நிலவறை செய்திருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் டெல்லி வழியாகத்தான் ஊருக்குத் திரும்புவேன், அதற்குள் ஏதாவது செய்ய முடிந்தால் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தாதாவுக்கும் மேடத்துக்கும் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தோம். இருட்டு போய்ச் சாம்பல் வந்தது, அவ்வளவுதான். அப்படியானால் நிலவறைக்குள்ளேயே வெயிலை விடுவோம் என்றார் மேடம். நிலத்துக்கு அடியில் வெயில் எங்கிருந்து வரும், அப்படி ஒரு இடம் இருந்தால் காட்டு என்று தாதா மேஜையைத் தட்டினார். "காட்டுதேன். கல் சலோ" என்றார் மேடம், நாளைக்கே போகலாம் என்று.

மறுநாள் எல்லோரையும் கனாட் பிளேஸ் பக்கம் இருக்கும் பழைய படிக்கிணற்றுக்கு அழைத்துப் போனார். பூமிக்குள் அகலமாக இறங்கும் கல்படிகள், இரண்டு பக்கமும் வளைவு வளைவாய் மாடங்கள், கீழே போகப் போகக் குளிர்ச்சி. மேலே பாதிப் படிகளில் நல்ல வெயில், மாடங்களுக்குள் இருட்டு. தாதா கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்தார். மாடங்களில் வழக்கம்போலக் கல்லூரி ஜோடிகள். திடீரென்று அத்தனை ஜோடிகளும் விலகி உட்கார்ந்து, புத்தகத்தையும் செல்போனையும் பார்க்கத் தொடங்கின. எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை. பிறகுதான் படிகளின் மேல் ஒரு நீண்ட நிழல் இறங்கி வருவதைப் பார்த்தோம், தலையில் தொப்பி, கையில் தடி. காவல்காரர் இன்னும் வளைவைத் தாண்டி வரவே இல்லை, அவருடைய நிழல் அவருக்கு முன்னால் வந்து எல்லோரையும் மிரட்டிவிட்டது. தாதா முதலில் சிரித்தார். அப்புறம் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவரை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

எங்கள் நிலவறைக்குக் கூரை உடைந்தது அப்படித்தான். இடிந்த மேற்கூரை வழியாகத் தூண் தூணாக வெயில் இறங்கியது. சுவரெல்லாம் பளிச்சென்று ஆக, நாயகன் அதன் முன்னால் கறுப்பாக, எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறவனாக ஆனான். பயம் மட்டும் போகவில்லை. சின்னத் திரையில் எதிரி ஓரத்திலிருந்து வரும்போது தெரியாமல் போவது எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. இப்போது அவனுக்கு முன்னால் அவன் நிழல் தரையில் ஊர்ந்து வந்தது. அதைப் பார்த்ததும் ஓடி மாடத்துக்குள் ஒளிய வேண்டும். முன்பெல்லாம் இருட்டைக் கண்டு பயந்தவன், எங்கள் விளையாட்டில் வெளிச்சத்தில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தான். அந்த நிழலுக்கு புரோகிராம் எழுதும் வேலை என்னுடையது. அதைப் போல மனம் நிறைந்து நான் வேறு எதையும் எழுதியதில்லை, இன்றுவரை.

துரை திரும்பி வந்த நாளில் டெல்லி எங்களைக் கழுத்தறுத்தது. காலையில் எழுந்தால் எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். வெயிலில் தெரியும் என்று காட்டுவதற்காகவே செய்த விளையாட்டு, வெயிலைக் காணோம். துரை வந்ததுமே எடுங்கள் பார்க்கலாம் என்றார். மேடம் முதலில் இட்லி சாப்பிடுங்கள் என்றார். இட்லி முடிந்ததும் டீ. டீ முடிந்ததும் பட்டாணி போட்ட அவல். சாம்பார் எப்படி வைப்பது என்று அவர் துரைக்கு இங்கிலீஷில் விளக்கியதை நாங்கள் எல்லோரும் கேட்டோம், பருப்பு வேகவே அரை மணி நேரம் ஆயிற்று. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேல போய்ப் பாருட்டி, அந்தச் சவம் வந்துட்டான்னு" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். சூரியனை அவர் அப்படித்தான் குறிப்பிட்டார். நல்லவேளையாக அதே பனிமூட்டத்தால் துரையின் விமானமும் கிளம்பவில்லை. இல்லாவிட்டால் மனிதர் எப்போதோ எழுந்து போயிருப்பார்.

மத்தியானம் தாண்டி மூட்டம் கிழிந்தது. தெருவில் யாரோ தூப் நிகல் ஆயீ என்று கூவினார்கள், வெயில் வந்துவிட்டது என்று. மேடம் சாம்பாரைப் பாதியில் விட்டுவிட்டு, துரையின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிக்கு ஏற்றினார். துரை உட்கார்ந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தோம், மேடம் முன்னால் நின்று துரையைப் பார்த்தார். நாயகன் படிகளில் இறங்கினான். தொப்பியும் தடியுமாக ஒரு நிழல் தரையில் நீண்டது. துரை தன்னையறியாமல் நாற்காலியோடு ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார். "விழுந்துட்டாம் பாத்துக்க" என்று மேடம் என்னிடம் உதட்டை அசைக்காமல் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. வெயில் கூசுகிறது என்றார். துரை நிலவறையை முடித்துவிட்டு, நாங்கள் கேட்பதற்கு முன்னால், இன்னொரு முறை விளையாடலாமா என்று அனுமதி கேட்டார்.

முழு விளையாட்டும் எங்களுக்கே வந்தது. மேடத்தின் அப்பா அந்த விண்ணப்பத்தைப் பக்கத்து ஃபிளாட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். சில வருஷம் கழித்து எங்கள் கம்பெனியும் மூடப்பட்டது, சின்ன கன்சோலும் வழக்கொழிந்தது, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். துரையின் ஊர்ப்பக்கம் ஒரு கம்பெனியில் மேடத்துக்குப் பெரிய வேலை கிடைத்தது, அங்கே போய்விட்டார். நான் கல்யாணமாகி, எப்படியோ மயூர் விஹாருக்கே குடிவந்து சேர்ந்தேன்.

போன ஜனவரியில் என் மகள் அதே வரிசையில் புதிதாக வந்த பாகத்தைப் பெரிய டிவியில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திரையில் நாயகன் ஒரு கதவைத் தள்ளினான், கூரை உடைந்த மண்டபம், தூண் தூணாக வெயில். தரையில் ஒரு நிழல் நீண்டது. "மம்மி, தேக்கோ, ஆள் வர்றதுக்கு முன்னாடியே நிழல் வருது" என்றாள் மகள். கீரையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். எங்கள் வெயில் அது, எங்கள் நிழல். விளையாட்டைச் செய்தவர்களின் பட்டியலைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், எங்கள் பெயர் எதுவும் இல்லை. சந்தோஷமும் ஆத்திரமும் சரிபாதியாக வந்து, வீடியோ காலில் மேடத்தைக் கூப்பிட்டேன். அங்கே பகல்தான், ஆனாலும் அறையில் விளக்கு எரிந்தது, அவருக்குப் பின்னால் ஜன்னல் வழியே வானம் ஈயப் பாத்திரம்போல இருந்தது.

நான் கொட்டித் தீர்த்ததை எல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டார். "சவத்த விடுட்டி. இங்கன வந்து இருந்து பாத்தாத்தான் தெரியுது, இவங்களுக்கு வெயிலே கிடையாது, பாவம். எடுத்துக்கிடட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அங்கன இப்ப வெயில் அடிக்கா?" என்று கேட்டார். அடிக்கிறது என்றேன். "மாடிக்குப் போ" என்றார். போனேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் பாயை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள், கொடியில் ரஜாய்ப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். "அதெல்லாம் வேண்டாம், தரையைக் காட்டு" என்றார் மேடம். நான் போனைத் தரைப் பக்கம் திருப்பி, சிமெண்டுத் தரையில் விழுந்திருந்த வெயிலைக் காட்டினேன். கை வலித்து நான் போனை மாற்றிப் பிடிக்கப் போனபோது, "அப்படியே வச்சிரு, இன்னும் கொஞ்ச நேரம்" என்றார்.