பிறர் பிள்ளைகளுக்கு வெயில் கிரீம்

பிள்ளை பார்த்துக்கொள்ளும் தொழிலில் பிள்ளைகளால் வரும் தொல்லை பாதிதான். மீதிப் பாதி அவர்கள் தோளில் மாட்டிவரும் பையில் இருக்கும். காலையில் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பையையும் வாங்கி, மாலையில் எந்தப் பைக்கு எந்தப் பிள்ளை என்று மாறிவிடாமல் திருப்பித் தருகிற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் ஒரு சாக்ஸைத் தேடப் போய் மறு சாக்ஸையும் தொலைத்திருப்பீர்கள்.

செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால், என் வீட்டு முன்கூடத்திலும் வாசல் வேப்ப மரத்தடியிலுமாக ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறேன். கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவள்; படித்ததெல்லாம் இப்போது தாலாட்டுக்கும் அதட்டலுக்கும்தான் உதவுகிறது. கூட மாட ஒத்தாசைக்கு வசந்தா இருக்கிறாள். பிள்ளைகள் தத்தித் தத்தி வருகிறார்கள், என் மடியில் பேசப் பழகுகிறார்கள், பள்ளிக்கூட வேன் வந்ததும் ஏறிப் போய்விடுகிறார்கள். பிறகு கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அது இருக்கட்டும். சொல்ல வந்தது வெயில் கிரீமைப் பற்றி.

குவைத் டியூப்

ஜோவிக்கு அப்போது மூன்றரை வயது. அவளுடைய அப்பா அந்தோணிக்கு அரிசி ஆலையில் வேலை. அம்மா ஸ்டெல்லா குவைத்தில் நர்ஸ். விடுப்பில் வந்திருந்த ஸ்டெல்லா, குவைத்துக்குத் திரும்புவதற்கு முதல் நாள் ஒரு மஞ்சள் டியூபை என் கையில் வைத்தாள். போன கோடையில் உச்சி வெயிலில் ராஜகிரிக் கோட்டைக்கு ஏறப்போய், பிள்ளைக்கு மூக்குத் தோல் உரிந்துவிட்டதாம். "நான் அங்க தினமும் இதத்தான் போடறேன் டீச்சர். இவளுக்கும் போட்டு விடுங்க" என்றாள். பிறகு குனிந்து மகளிடம், "கிரீம் போட்டுக்கினுதான் வெளிய போணும், சரியா?" என்றாள். ஜோவி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் டியூபைத் திறந்ததும் ஜோவி மூடியின் மேல் மூக்கை வைத்து மோந்தாள். மூடியை வாங்கித் தானே மூடினாள். வசந்தாவைத் தொட விடவில்லை, என்னையும் விடவில்லை. ஆனால் அம்மாவிடம் தலையாட்டியிருக்கிறாளே, கிரீம் போடாமல் வெளியேயும் வர மாட்டாள். மற்றப் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் மண்ணை அளைந்துகொண்டிருக்க, இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி டியூபை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருவாரம் இப்படியே போனது. அந்தோணியிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"வூட்லயும் அதான் டீச்சரம்மா. ராத்திரி அந்த டியூபக் கட்டிப்புட்சிக்கினுதான் தூங்குறா. நான் தொட்டா, 'நைனா, அது அம்மாது, வையி'ன்றா."

பவுடருக்கு மேலா, கீழா

ஜோவியின் டியூபைப் பார்த்த மற்ற அம்மாக்களுக்கு, தங்கள் பிள்ளைகளை மட்டும் வெயிலில் போட்டுவிட்டோமோ என்று கலக்கம் வந்துவிட்டது. அடுத்த சில நாளில் எல்லாப் பையிலும் ஒரு டியூப். எடுத்துப் பார்த்தால் பாதி, சிவப்பாக்கும் கிரீம். ஒன்று வெடிப்புக் காலுக்குப் போடுவது. எதை எவ்வளவு போடுவது, பவுடருக்கு முன்னா பின்னா என்று யாருக்கும் தெரியவில்லை. வசந்தா நடுவழியைப் பிடித்தாள்: கீழே பவுடர், நடுவில் கிரீம், மேலே மறுபடியும் பவுடர். பிள்ளைகள் வியர்த்ததும் கன்னத்தில் கோலமாவு கரைந்து வழிந்தது.

அமாவாசைக்கு மறுநாள் இன்னும் விசேஷம். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நெற்றி நிறையக் குங்குமத்தோடும், கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டோடும் வந்திருந்தார்கள். வசந்தா கடமை தவறாதவள். குங்குமம், மை எதையும் பார்க்காமல் முகம் முழுக்கக் கிரீமைத் தேய்த்துவிட்டாள். மாலையில் பழக்கடைச் செல்வி தன் மகனைக் கூப்பிட வந்தபோது, சிவப்பும் கறுப்புமாக ஒரு குட்டிப் பூதம் அவளை நோக்கி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. அவள் ஒரு நிமிடம் பிள்ளையைத் தேடினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு பொட்டுதான் வச்சி அனுப்புனேன் டீச்சர், நீங்க மூஞ்சி பூரா வச்சி அனுப்புறீங்க. இனிமே எவ கண்ணும் படாது, போங்க!"

ஆறு மாதம் ஆகாதவர்

அதற்குள் செல்போன் கடைக்காரத் தம்பி ஒருவர் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை. எண்ணெய்க் கத்திரிக்காய் போல் உச்சி முதல் பாதம் வரை மினுங்கியது. "வெயில் கிரீம் டீச்சர், ஒரு இடம் விடல" என்றார் பெருமையாக. எனக்குப் பயமாகிவிட்டது. இனியும் குருட்டாம்போக்கில் போகக் கூடாது என்று, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் குழந்தை டாக்டரம்மாவிடம் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் மடியில் பிள்ளை இல்லாததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிரீம் வேண்டாம். நிழலில் வைத்து, மெல்லிய பருத்தித் துணியால் உடம்பை மூடினால் போதும். அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வெயில் ஏறிய பிறகு, அதாவது பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குள், வெளியே ஆட வேண்டியிருந்தால் துணி மூடாத இடத்தில் போடலாம். கிளம்புவதற்குச் சற்று முன்பே போட வேண்டும். வெகுநேரம் ஆடினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். கண்ணோரம் கூடாது. புது டியூப் என்றால் முதலில் மணிக்கட்டின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். கறுத்த தோலுக்கும் வெயில் வெயில்தான். ஆனால் இது சிவப்பாக்குகிற மருந்து இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் நிழல், தொப்பி, முழுக்கைச் சட்டை.

நான் எழுந்து, மறுபடி உட்கார்ந்து, ஜோவியைப் பற்றிச் சொன்னேன். தொட விடுவதில்லை, போடாமல் வருவதும் இல்லை, என்ன செய்வது? அவர் பேனாவை மூடினார்.

"கிரீமைப் பத்தி கேளுங்க, சொல்றேன். அம்மாவைப் பத்தி கேட்டா நான் இன்னாத்த சொல்றது டீச்சர்?"

பொழுது சாய்வதற்குள்

ஆனாலும் டாக்டரம்மா சொன்னதில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. நான்கு மணிக்கு மேல் கிரீமே வேண்டாம் அல்லவா? விளையாட்டை மாலைக்கு மாற்றினேன். ஜோவியை வாசலுக்குக் கூட்டிப்போய் வானத்தைக் காட்டினேன். "பார், வெயில் இல்லை. வெயில் இல்லாவிட்டால் கிரீம் வேண்டாம். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள்." வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு காலை மண்ணில் வைத்தாள். பிறகு மறு காலை. இரண்டு நாள் அவள் எல்லாரோடும் ஓடினாள். மலைப்பாறைகள் பகலில் குடித்த வெயிலைத் திருப்பி ஊதுகிற அந்த நேரத்தில், அவள் சிரிப்பை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

மூன்றாம் நாள் ஜினேஷின் அம்மா பத்மா வந்தாள். தொண்டூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். இங்கே நெல் வியாபாரம். அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், சின்னப் பிள்ளையானாலும். ஆட்டம் முடிந்து, மண்ணைக் கழுவி, வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இருட்டிவிடுகிறது. இரண்டு நாளாகப் பையன் பாதி வயிற்றோடு தூங்குகிறான். பகலிலேயே விளையாட விடுங்கள், வேண்டுமானால் கிரீம் போடுங்கள் என்றவள், உடனே அவன் பையிலிருந்த டியூபை எடுத்து நீட்டினாள். தேன், தேன்மெழுகு எதுவும் இருந்தால், தேனீக்களுக்குத் துன்பம் என்று அவர்களுக்கு ஆகாது. கடுகில் பாதி அளவு எழுத்து. நானும் அவளும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தோம். கடைசி வரிக்கு முந்தின வரியில் மெழுகு இருந்தது. பத்மா டியூபைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டாள்:

"நீங்க வெயிலுக்கு நேரம் பாக்குறீங்க, நாங்க இருட்டுக்கு நேரம் பாக்குறோம். நடுவுல புள்ளைங்க எப்பதான் வெளையாடும் டீச்சர்?"

ஒன்பது மணி

அவள் கேட்டது நியாயம். விளையாட்டைக் காலை ஒன்பது மணிக்கு வைத்தேன். ஜினேஷுக்கு வயிறு நிறைந்தது. ஜோவி மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள். காலை வெயில் சாய்வாக அவள் முகத்தில் விழுந்தது. அதைக் காட்டி 'வெயில் இல்லை' என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தோணியிடம் போன் நம்பரை வாங்கி, நானே குவைத்துக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே அப்போது ஆறரை மணி. ஸ்டெல்லா ஆஸ்பத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தோளில் மாட்டிய பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு, "போன அவ பக்கம் திருப்புங்க. நானும் இப்பதான் போட்டுக்கப் போறேன்" என்றாள்.

திருப்பிப் பிடித்தேன். அதனால் ஸ்டெல்லாவின் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. "மொதல்ல மூக்கு. ஒரு புள்ளி வையி. நானும் வக்கிறேன் பாரு." ஜோவி வைத்தாள். "கன்னம். இன்னொரு கன்னம். காது மேல மறந்துட்டியே." "நீயும்தான் மறந்துட்ட!" என்றது பிள்ளை. இரண்டு பேரும் சிரித்தார்கள். புள்ளிகளைத் தேய்த்து முடித்ததும் ஜோவி டியூபைக் கீழே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் வேப்ப மரத்தடிக்கு ஓடினாள்.

அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு என் போன் அடித்தது. அதற்கு முன்பெல்லாம் அதில் பேசியவர்கள், சிலிண்டர் வருமா வராதா என்று சொல்கிறவர்கள்தான். ஒன்பது மணிக்குள் தலை சீவிக்கொள்ளப் பழகினேன். போனின் பின்பக்கம் நிற்கிற என்னை யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும். அந்த நேரத்தில், வேப்ப மர நிழலில், முழுக்கைச் சட்டை போட்ட பிள்ளைக்குக் கிரீமே தேவையில்லை என்றும் தெரியும். டாக்டரம்மா சொன்னாரே. நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. முதல் நாள், பிள்ளைதான் ஓடிவிட்டாளே என்று போனை வைக்கப் போனபோது ஸ்டெல்லா அவசரமாகச் சொன்னாள்:

"கட் பண்ணாதீங்க டீச்சர். பஸ் வர்ற வரைக்கும் அப்டியே ஜன்னல் பக்கம் புட்சிக்கினு இருங்க. அவ கத்துறது கேக்குது."

மழை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாசலில் தண்ணீர் தேங்கி, விளையாட்டு கூடத்துக்குள் வந்தது. ஸ்டெல்லாவுக்கு இரவு டியூட்டி போட்டுவிட்டார்கள். ஒன்பது மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருப்பாள். போன் அடிப்பது நின்றது. கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்த விடுப்பும் கிடைக்காது என்று அந்த வாரம்தான் தெரிந்தது. அந்தோணி வாசலிலேயே நின்று, குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். "நீங்களே பக்குவமா சொல்லிடுங்க டீச்சரம்மா, என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எத்தனையோ பாட்டுகளில் பிரிவைப் படித்தவள் நான். மூன்றரை வயதுக்குப் புரிகிற ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று காலை ஜோவி வாசற்படியில் நின்று வானத்தைப் பார்த்தாள். மூக்குக்கும் கன்னத்துக்கும் வேலையில்லாத வானம். "இன்றைக்கு வெயில் இல்லை, வெளியே போகப் போவதும் இல்லை. அதனால் கிரீம் வேண்டாம்" என்றேன். கிரீம் இல்லாவிட்டால் அம்மாவும் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. அதை அவளே கணக்குப் போட்டுவிட்டது முகத்தில் தெரிந்தது. மழையையே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி, டியூபை என்னிடம் நீட்டினாள். "டீச்சர், மழைக்கு இன்னா கிரீம் போடணும்? உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும். போன் போடுங்க."

போட்டேன். முதல்முறை எடுக்கவில்லை. பத்து மணி வாக்கில் அவளே கூப்பிட்டாள். டியூட்டி முடிந்து அப்போதுதான் அறைக்கு வந்திருந்தாள். தூக்கம் கனத்த குரலில், என்ன ஆச்சோ என்று பதறினாள். ஜோவிக்கு ஒரு சந்தேகம் என்று சொல்லி, போனைத் திருப்பிப் பிடித்தேன். பிள்ளை தன் கேள்வியை மறுபடி கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு ஸ்டெல்லா, நோயாளிக்கு மருந்து சொல்கிற நர்ஸின் நிதானத்தோடு சொன்னாள்:

"மழைக்கும் இதே கிரீம்தான் கண்ணு. ஆனா கை, காலு, முட்டி, விரலு எல்லாத்துக்கும் போடணும், ரொம்ப நேரம் ஆவும். அம்மாவுக்கு இப்ப பஸ் ஒண்ணும் இல்ல, மெதுவாவே போடு."

குழந்தைக்கு எப்போது வெயில் கிரீம் போட வேண்டும் என்று கேட்கிற பெற்றோருக்கு, டாக்டரம்மா சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் இன்றும் ஒப்பிக்கிறேன். ஐப்பசி அடைமழையில் என் கூடத்து நடுவில் ஒரு பிள்ளை கழுத்து முதல் கால்விரல் வரை வெள்ளையாக நின்றதை மட்டும் சொல்வதில்லை.