உருண்டை விழுங்கி

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் ஹெட்விக்கிடம் போய் ஒரு ரொட்டி உருண்டையை நீட்டிப் பாருங்கள். முகம் வெளுத்து எழுந்து போய்விடுவாள். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. ஜெர்மனியில், எங்கள் கருங்காட்டு மலையில், 1962 பனிக்காலத்தில் அவள் வீட்டில் நடந்தது இது. சத்தியமாக நடந்தது.

அவள் கணவன் எகோனுக்குப் பழைய வேடிக்கைக் கடிகாரங்கள் என்றால் பைத்தியம். கண்ணை உருட்டும் ஆந்தை, மணிக்கு மணி தலையாட்டும் பாதிரியார் என்று வீடு முழுக்க டிக் டிக். இல்லாதது ஒன்றுதான். உருண்டை விழுங்கி. அதில் ஒரு மர மனிதன். எத்தனை மணியோ அத்தனை உருண்டையை முள்கரண்டியால் வாயில் போட்டுக்கொள்வான். அது மேட்டுப் பண்ணைக் கிழவரிடம் இருந்தது. கேட்டால், "நான் செத்தப்புறம் வா" என்று விரட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கிழவரின் மகள் கிரெசென்ஸ் அவளாகவே ஆளனுப்பிக் கூப்பிட்டாள். கடிகாரம் நின்றிருந்தது. நின்ற கடிகாரத்தைப் பார்த்தால் எங்கள் ஊரில் மற்றவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். எகோன் எண்ணெய்க் குப்பியைத் தேடுவான்.

"இது என் கண்ணு முன்னால வேண்டாம், எடுத்துட்டுப் போங்க. ஆனா வியாழக்கிழமை வரைக்கும் ஓட விடாதீங்க."

"ஏன்?"

அவள் மாடியைப் பார்த்தாள். "அப்பா இன்னும் வீட்லதான் இருக்காரு."

கிழவருக்குத் தெரியாமல் விற்கிறாள், விஷயம் வெளியே போய்விடும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அவர் விழிப்பதற்குள் கம்பி நீட்டினான்.

வீட்டில் மாட்டியதும் மனம் கேட்கவில்லை. ஊசலைத் தட்டிவிட்டான்.

நாலரைக்கு ஒரு மணி அடித்தது. மர மனிதன் ஒரு உருண்டை விழுங்கினான். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹெட்விக் சிரித்தாள். "பாரு, ஒருத்தனாவது மூஞ்சியைச் சுளிக்காம சாப்பிடறான்."

பிறகுதான் கேட்டது. சளக்... சளக்...

அந்த மர வாய் திறக்கும், மூடும். மென்று தின்ன அதற்கு வழியே இல்லை.

"எண்ணெய் போடணும்," என்றான் எகோன்.

ஐந்து மணி. வெளியே இருட்டிவிட்டது.

முதல் உருண்டை. ஹெட்விக் இருமினாள்.

இரண்டு. கையிலிருந்த கரண்டி விழுந்தது.

மூன்று. கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். முகம் நீலம். அவள் வாயில் ஒன்றுமே இல்லை...

"ஹெட்விக்!"

எகோன் பாய்ந்து ஊசலை நிறுத்தினான். மணி நிற்கவில்லை.

நான்கு.

முள்கரண்டி மறுபடி எழும்பியது... அவன் கடிகாரத்தை ஓட்டும் எடைகளைச் சங்கிலியோடு பிடுங்கி எறிந்தான்.

மர வாய் திறந்தபடி நின்றது. ஹெட்விக் மூச்சை இழுத்தாள்.

மறுநாள் காலையில் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனான். பண்ணை வாசலில் கறுப்பு உடையில் சனம். கிழவர் செவ்வாய் விடியற்காலையே போய்விட்டாராம். அப்போதுதான் கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சாவு வீட்டில் உடல் வாசலைத் தாண்டும்வரை எங்கள் ஊரில் கடிகாரத்தை யாரும் ஓட விடமாட்டார்கள். அடக்கம் வியாழக்கிழமை.

"ஓட விட்டீங்களா?" என்றாள் கிரெசென்ஸ்.

அவள் அவனை மாடிக்குக் கூட்டிப் போனாள்.

கிழவரின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவர் வாய்க்குள் இழுபட்டிருந்தது. ஈரமாக, மென்று கிழிபட்டு...

ஐந்தாவது உருண்டைக்கு மிச்சமாக ஒரே ஒரு நூல்தான் அறாமல் இருந்தது.