லிப்ட்காரர் நாய் தேடிய இளவேனில்

உயர்ந்த கட்டடங்களின் லிப்ட்டுகளைப் பழுதுபார்த்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். மேலே போவார், கீழே வருவார். பக்கவாட்டில் போக அத்தொழிலில் இடமில்லை. ஓய்வு பெற்று ஊரின் விளிம்பில் குடியேறியபின், வயல்வெளியில் காலாற நடக்கவேண்டும் என்ற ஓர் ஆசையே அவருக்கு எஞ்சியிருந்தது. அக்கம்பக்கத்தார் அவரை லிப்ட்காரர் என்றே அழைத்தனர். மாடி வீடே அரிதான அவ்விடத்தில் அப்பெயர் ஒரு பட்டம்போல் நிலைத்தது.

ஆசைக்குக் குறுக்கே நின்றவள் மனைவி.

"வேலவெட்டி இல்லாம சுத்துற மனுஷன்னு பேரெடுக்கணுமா? கடைக்குப் போங்க, வேணாங்கல. சும்மா எங்க போவீங்க?"

இந்நிலையில் மைத்துனர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்து, தம் பழுப்பு நாயை அக்காளிடம் ஒப்படைத்தார். நாயை அழைத்துச் செல்வது சுற்றுதல் ஆகாது, அது கடமை. தோல்வாரை மனைவியே எடுத்துக் கையில் கொடுத்தாள்.

இளவேனில் அப்போதுதான் புகுந்திருந்தது. வாய்க்கால் கரையில் புல் முழங்காலைத் தொட்டது. மஞ்சட்பூக்களில் வண்டினம் ஓயாது முரன்றது. போக மனமில்லாத விருந்தாளிபோல் வெயில் அந்தியிலும் வயல்களின்மேல் தங்கியிருந்தது. நாய் ஒவ்வொரு வேலிக்காலையும் முகர்ந்து ஆராயும். ஆராய்ச்சி முடியும்வரை அவர் வானத்தைப் பார்ப்பார். ஒருவரையொருவர் அவசரப்படுத்தியதில்லை. அத்தகைய துணை அமைவது இறையருள்.

ஒருநாள் நாயின் காலில் கண்ணாடித்துண்டு ஏறிற்று. கோடை முற்றும்வரை வெளியே விடலாகாது என்றார் கால்நடை மருத்துவர். நாய் அதை மனநிறைவோடு ஏற்றுக்கொண்டு மெத்தையில் படுத்தது. லிப்ட்காரருக்குத்தான் சோறு இறங்கவில்லை. கோடை முற்றினால் புல் கருகிவிடும், பூ உதிர்ந்துவிடும்.

மறுநாள் மாலை மனைவி வழக்கம்போல் தன் தையற்கடைக்குப் போனதும், அவர் தோல்வாரை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வெறுங்கையோடு நடக்க அவருக்குக் கூச்சமாயிருந்தது. மதகருகே மாட்டுப்பண்ணைக்காரர் எதிர்ப்பட்டார்.

"என்னண்ணே, வார் மட்டும் வருது? நாய் எங்க?"

லிப்ட்காரர் கையிலிருந்த வாரைக் குனிந்து பார்த்தார்.

"ஓடிடுச்சா? அடப்பாவமே! கவலப்படாதீங்க, நானும் தேடுறேன்."

மறுக்கவேண்டிய கணம் வந்தது. அவர் அதை மரியாதையோடு வழியனுப்பிவைத்தார்.

தேடுகிற மனிதனுக்கு இவ்வுலகில் எவ்வளவு சலுகை என்பதை அன்றுதான் அறிந்தார். அவன் எவர் தோப்புக்குள்ளும் நுழையலாம். மரத்தடியில் நெடுநேரம் நின்று கிளைகளை அண்ணாந்து பார்க்கலாம். நாய் மரமேறாதே என்றுகூட எவரும் கேட்பதில்லை. பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "கெடச்சுதா?" என்பார். லிப்ட்காரர் தலையை அசைத்து நிலத்தைப் பார்ப்பார். அங்கே எறும்புகள் போய்க்கொண்டிருக்கும். அது துயரமென்று கொள்ளப்பட்டது.

கடை விடுமுறையன்று மனைவி வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லிப்ட்காரர் பக்கத்தில் இருந்தார். மாட்டுப்பண்ணைக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவர் பிடித்திருந்த கயிற்றின் மறுமுனையில், கழுத்துப்பட்டை அணிந்த, சேறு படிந்த ஒரு பழுப்பு நாய்.

"அண்ணே, கெடச்சுட்டான்! குன்றுக்கு அந்தப் பக்கம் பாலத்தடியில படுத்திருந்தான்!"

"யாரு தம்பி?" என்றாள் மனைவி.

"உங்க நாய்தான் அண்ணி."

"எங்க நாய் உள்ள தூங்குதே."

உள்ளேயிருந்து கொட்டாவிச் சத்தம் கேட்டது. மனைவி கீரையைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, என்ன இது?"

ஒரு பொய்யும் அகப்படவில்லை. நாயைத் தேடுவதாக ஊர் நினைத்ததையும் தாம் மறுக்காததையும் அவர் சொல்லிமுடித்தார்.

"அப்ப தினமும் எதத் தேடிட்டுப் போனீங்க?"

"ஒண்ணையும் தேடல. சும்மா நடந்தேன். நல்லா இருந்துச்சு."

மனைவி பண்ணைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினாள். அவர் முகத்தில் கோபமில்லை. ஏதோ கைநழுவிப் போனதுபோல் நின்றார்.

"அப்ப நாளைக்குத் தேட வேணாமா அண்ணி? சாயங்காலமானா கொட்டகையக் கழுவு, தீவனம் அள்ளுன்னு எங்க வீட்டுல உயிர எடுப்பா. இப்ப 'பாவம் அந்த அண்ணன், போய்த் தேடிக் குடுங்க'ன்னு அவளே அனுப்புறா. பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன், அந்தக் குன்றுமேல ஏறினதே இல்ல. அங்கேருந்து பாத்தா ஆறு முழுசும் தெரியுது."

மனைவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, புதிய நாயின் காதில் ஒட்டியிருந்த முட்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"பட்ட போட்டிருக்கு. இத யாரு அழுதுட்டுத் தேடுறாங்களோ. ரெண்டு பேரும் இப்படி மரம் மாதிரி நின்னா ஆச்சா? கூட்டிட்டுப் போய் விசாரிங்க."

லிப்ட்காரர் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"குன்று வழியாவா போறீங்க?" என்றாள் மனைவி.

"அது கொஞ்சம் சுத்து," என்றார் அவர்.

"இருங்க, செருப்பு மாட்டிட்டு வரேன்."

அந்த நாயின் வீட்டை மூவரும் மிக நிதானமாகத் தேடினார்கள்.