கடதாசிப் பன்றிக்கு ஓர் அம்புக்கூடு

எண்பதுகளின் நடுவில், சுவிற்சர்லாந்தின் துன் நகரத்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். ஈரமான படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் இரண்டு முனைகளில் பிடித்து இழுத்து மடிக்கவேண்டும். மறுமுனையில் ஒரு சுவிஸ்காரி நிற்பாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், மலையடிவாரத்துப் பண்ணையில் மாடுகளோடு மல்லுக்கட்டி வளர்ந்தவள். அவள் இழுத்தால் மற்றப் பெண்கள் விரிப்போடு சேர்ந்து அவள் பக்கம் போய்விடுவார்கள். ஒருநாள் நான் இழுத்த இழுப்பில் அவள் இரண்டடி முன்னால் வந்தாள். சந்தையில் மாடு பார்க்கிறவளைப் போல என் தோளையும் முழங்கையையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சனிக்கிழமை என்ன செய்யிறாய்?"

கிழமை முழுக்க ஊரார் அழுக்கு, சனிக்கிழமை சொந்த அழுக்கு. இதுதான் என் வாழ்க்கை. "ஒண்டுமில்லை" என்றேன்.

அப்படித்தான் அவள் என்னை வில்லாளர் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. அதில் வைக்கோல் பொதிகளில் வட்டம் வட்டமாக இலக்குகள். மேலே காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை. அதன் ஓரங்களில் பன்றி, மான், நரி என்று கடதாசியில் வரைந்த மிருகங்களை வைக்கோல் பொதிகளில் ஒட்டியிருந்தார்கள். அந்த நாட்டில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. அதனால் இருபது முப்பது வளர்ந்த மனிதர்கள், வேட்டைக்காரத் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒரே கடதாசிப் பன்றியைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கொன்றுகொண்டிருந்தார்கள். கொன்ற பிறகு அதன் ஓட்டைகளை எண்ணிவிட்டு, காற்று சரியில்லை என்று கவலைப்பட்டார்கள்.

அம்புகளைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் வாங்குகிற பக்கத்திலிருந்துதான். நான் கத்தோலிக்கப் பிள்ளை. எங்கள் கோயிலில் உடம்பெல்லாம் அம்பு தைத்த புனிதர் ஒருவர் மேலே பார்த்தபடி நிற்பார். எய்தவர்களை யாரும் வரையவில்லை. சங்கத்தில் கொடுத்த இரவல் வில்லால் நான் விட்ட முதல் மூன்று அம்புகள் புல்லுக்குள் போயின. நாலாவது, பன்றியின் பிட்டத்தில் போய் ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மிச்ச அம்புகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேற்சட்டைப் பைக்குள் செருகினேன். பை கிழிந்தது.

"உனக்கு முதலிலை ஒரு கோஹர் வேணும்" என்றாள் தோழி.

ஹோட்டலில் சமையற்காரனைக் 'கோஹ்' என்பார்கள். இது சமையற்காரர்கள் பலர் என்று விளங்கிக்கொண்டேன்.

"வேண்டாம். வீட்டிலை நான்தான் சமைக்கிறனான்" என்று மரியாதையாகச் சொன்னேன்.

அவள் புல்லில் குந்தியிருந்து சிரித்தாள். பிறகுதான் அந்தச் சொல்லுக்கு அம்பு வைக்கிற கூடு என்று அர்த்தம் எனத் தெரிந்தது. அம்பறாத்தூணி! பள்ளிக்கூடத்தில் அதற்குப் பொருள் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அதை நானே தோளில் மாட்டவேண்டி வரும் என்று என் தமிழ் வாத்தியார் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

வீட்டில் சொன்னேன். வீடு என்றால் ஓர் அறை. ஒரு கட்டில், ஓர் அலுமாரி, சுவரில் என்னுடைய மாதா கலண்டர், பக்கத்தில் என் கணவருடைய சாமிக் கலண்டர். அவர் சைவம். அதே ஹோட்டலின் குசினியில் கோப்பை கழுவினார். இலங்கையிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு இருவரும் பதிலுக்குக் காத்திருந்த காலம்.

"உமக்கென்ன விசரே?" என்றார். "அங்கை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீர் வில்லைத் தூக்கப் போறீரோ?"

"அது கடதாசிப் பன்றியப்பா."

"பன்றி கடதாசி. அம்பும் கடதாசியோ?"

ஆனால் கூடு ஒன்று தேடுகிறேன் என்றதும், யாரும் கேட்காமலே ஆலோசகராக மாறிவிட்டார். தன் கலண்டரில் வில்லோடு நின்ற சாமியைக் காட்டினார். "முதுகிலை மாட்டுறதுதான் முறை. பாரும், கடவுளே அப்பிடித்தான் வைச்சிருக்கிறார்."

நானும் நம்பி, சங்கத்தில் முதுகுக்கூடு ஒன்றை இரவல் வாங்கினேன். கடவுளுக்குப் பின்னல் இல்லை என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. எனக்கு இடுப்புவரை பின்னல். தோளுக்கு மேலால் கையை விட்டு அம்பை இழுத்தேன். பின்னலும் சேர்ந்து வந்தது. என் தலையை நானே பின்னால் இழுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றேன். தேங்காயெண்ணெய் பட்டு அம்பின் இறகுகள் படிந்துபோய், விட்ட அம்பு கள்ளுக்குடித்தவன்போல வளைந்து வளைந்து போனது. காட்டுப் பாதையில் விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குக் கீழால் குனிந்து போனபோது, கூட்டிலிருந்த அத்தனை அம்பும் என் தலைக்கு மேலால் வழுகி முன்னால் கொட்டின. கலண்டரில் கடவுள் குனிவதை ஒருவரும் வரைவதில்லை. கூட்டைத் திருப்பிக் கொடுத்தபோது சொந்தக்காரர் மணந்து பார்த்து, இது என்ன வாசம் என்று கேட்டார்.

அடுத்த கிழமை இடுப்புக்கூடு. பெல்ட்டில் கொழுவுவது. அதற்காகக் கணவரின் களிசானைப் போட்டுக்கொண்டு போனேன். புல்வெளியில் நின்று இலக்குக்கு எய்வதற்கு அதைப்போல ஒன்றில்லை. கையைக் கீழே விட்டால் அம்பு. ஆனால் அதன் வால் பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. காட்டில் ஒவ்வொரு முட்பற்றையும் அதைப் பிடித்து நலம் விசாரித்தது. இடைவேளையில், சொசேஜ் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன். நான் திரும்பினேன், வாலும் திரும்பியது. நாலு கோப்பைக் கோப்பி சங்கத் தலைவரின் மடியில் போய் விழுந்தது. அவர் எழும்பி நின்று, "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே துள்ளினார்.

வில்லிலேயே பூட்டுகிற சின்னக் கூடு ஒன்றும் இருந்தது. காட்டுக்கு வசதி, முதுகிலும் இடுப்பிலும் ஒன்றுமில்லை. ஆனால் வில் பாரமாகி ஒரு பக்கம் சரிந்தது. நாணை விட்டதும் முழுச் சாமானும் கிடுகிடுத்தது. மர வில் பிடிக்கிற பழைய ஆட்களோ அதைப் பார்த்து, பூசைக்கு அரைக்காற்சட்டையோடு வந்தவனைப் பார்ப்பதுபோல முகம் சுளித்தார்கள்.

சங்கத்தில் பலர் காட்டுக்கு ஒன்று, புல்வெளிக்கு ஒன்று என இரண்டு வைத்திருந்தார்கள். எங்கள் அறையில் அதற்கு இடமில்லை. இரண்டு கடவுளருக்கே சுவர் போதாமல் இருந்தது. எனக்கு வேண்டியது இரண்டுக்கும் சரிவருகிற ஒன்று.

ஓர் ஓய்வு நாளில் கணவரும் நானும் பேர்னில் இருந்த ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மீசை வைத்த நெட்டை மனிதர். வேட்டை வகையா, இலக்கு வகையா என்று கேட்டார். தோழி சொல்லித் தந்திருந்த ஒரே சொல்லைச் சொன்னேன்: "இரண்டும்." அவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார்.

நான் மாட்டிப் பார்த்தேன். மாட்டிப் பார்த்தால் போதாது என்று எனக்கு இப்போது தெரியும். நடுக்கடையில் குனிந்து கால்விரலைத் தொட்டேன். அலுமாரிகளுக்கு இடையில் ஓடினேன். கணவர் பொலிஸ் பயிற்சி கொடுக்கிறவரைப்போல நின்று கட்டளையிட்டார்.

"இருந்து எழும்பும். இப்ப திரும்பும். டக்கெண்டு! கோப்பிக் கோப்பை இருக்கெண்டு நினைச்சுத் திரும்பும்."

கடைக்காரர் முதலில் வாசலைப் பார்த்தார், வேறு வாடிக்கையாளர் யாரும் வந்துவிடுவார்களோ என்று. மூன்றாவது கூட்டோடு நான் தவண்டுகொண்டிருந்தபோது அவருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டு கதிரைகளை எதிரெதிரே வைத்து, மேலே ஒரு தடியைப் போட்டு, "இது விழுந்த மரம். இதுக்குக் கீழாலை வா" என்றார்.

கடைசியில் தேறியது ஒரு தோற்கூடு. அகலமான வார் மார்புக்குக் குறுக்கே வரும், கூடு வலப்பக்க இடுப்போடு தொங்கும். காட்டில் பின்னால் தள்ளிவிட்டால் முதுகோடு ஒட்டிக் கிடக்கும், பின்னலுக்கு எட்டாது. புல்வெளிக்கு வந்ததும் முன்னால் இழுத்தால் அம்பு கைக்கு வரும். தோல் விறைப்பாக இருந்தபடியால் வாய் மடங்கவில்லை. இறகுகள் மட்டும் வெளியே நிற்கிற அளவுக்கு ஆழம். அடியில் மயிரோடு ஆட்டுத்தோல் வைத்துத் தைத்திருந்தது. அம்பு முனைகள் அதில் புதைந்துகொள்ளும், நடக்கும்போது கிலுகிலுக்காது.

கணவருக்கு அது போதவில்லை. ஆறு அம்பு போட்ட கூட்டை வாங்கி, கழுவிய போத்தலில் தண்ணீர் வடிய விடுவதைப்போல, தன் தலைக்கு மேலேயே தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஓர் அம்புகூட விழவில்லை. முன்பக்கத்தில் தைத்திருந்த சின்னப் பையையும் திறந்து பார்த்து, "இதுக்குள்ளை ஒரு தோடம்பழம் வைக்கலாம்" என்று சொன்னதோடு அவருடைய சோதனை முடிந்தது.

அந்தக் கூட்டோடு நான் காட்டிலும் புல்வெளியிலும் ஒரு கோடை முழுக்க எய்தேன். மோசமாக எய்யவில்லை. பன்றிக்கு இப்போது முன்பக்கத்திலும் ஓட்டைகள் விழுந்தன. அப்போதுதான் என் அகதி விண்ணப்பத்துக்கு இரண்டாவது விசாரணை என்று பேர்னிலிருந்து கடிதம் வந்தது.

ஒரு மேசை, ஓர் அதிகாரி, தட்டச்சு இயந்திரத்தோடு ஒரு பெண், எனக்கும் அவர்களுக்கும் நடுவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரு தம்பி. உண்மையை மட்டும் சொல்லவேண்டும் என்று முதலிலேயே சொன்னார்கள். ஊர், பிறப்பு, வந்த வழி எல்லாம் கேட்டு முடித்து, அதிகாரி ஒன்று கேட்டார். தம்பி அதைத் தமிழில் சொன்னான்.

"எப்பவாவது ஆயுதம் கையிலை எடுத்தனீங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சங்கத்து அறிவிப்புப் பலகையில் வில்லும் கூடுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிற என் படம் தொங்கியது.

"அங்கை இல்லை" என்றேன். "இஞ்சை, ஓம்."

தம்பியின் முகம் வெளுத்தது. "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். சனிக்கிழமையளிலை. வில்லும் அம்பும்."

அவன் விழுங்கி விழுங்கி மொழிபெயர்த்தான். தட்டச்சு நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். யாரை எய்கிறேன் என்று கேட்டார். பன்றியை என்றேன். வில்லால் வேட்டையாடுவது சட்டவிரோதம் என்றார். கடதாசிப் பன்றி என்றேன். தம்பி அதை இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. எந்தச் சங்கம், யார் கூட்டிக்கொண்டு போனது, வில் யாருடையது, அம்புகளை எப்படிக் கொண்டுபோகிறேன் என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் எழும்பி நின்று, இல்லாத வாரை மார்புக்குக் குறுக்கே மாட்டி, கூட்டைப் பின்னால் தள்ளி, முன்னால் இழுத்துக் காட்டினேன். தட்டச்சுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்கமுன்னம் நெடுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

முடிவில், எழுதியதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். தம்பி நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு வாசித்தான்: "விண்ணப்பதாரி சனிக்கிழமைகளில் கடதாசி மிருகங்களை எய்வதாகக் கூறுகிறார். அம்புகளைத் தோற்கூட்டில் பக்கவாட்டில் கொண்டுசெல்கிறார்." சரியா என்று கேட்டான். சரி என்று ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து கணவர் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

"எல்லாம் முடிஞ்சுது" என்றார். "பன்றி எங்களைத் திருப்பி அனுப்பப் போகுது."

அவர் பயந்ததில் பிழையில்லை. அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை நான் காட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாவது கிழமை அவரே கூட்டைக் கொழுக்கியிலிருந்து எடுத்து, தோலுக்குக் கொழுப்புப் பூசித் துடைத்துக் கட்டிலில் வைத்தார். "சொன்னதைச் சொல்லியாச்சு. இனிப் போகாமல் விட்டால் பொய் சொன்னதாய்ப் போயிடும்" என்றார்.

பதில் ஒரு பனிக்காலம் கழித்து வந்தது. இருவரும் தங்கலாம் என்றிருந்தது. காரணங்கள் ஒன்றரைப் பக்கம், அதில் வில்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடிதம் கைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. தோழியிடம் சொல்லப் புல்வெளிக்கு ஓடியிருப்பேன், ஆனால் ஹோட்டலில் அன்று ஒரு பெரிய கலியாணம். அவளும் நானும் மேசை விரிப்புகளின் இரண்டு முனைகளில் நின்றோம். கடிதத்தை அவள் ஒரு கையால் பிடித்து வாசித்தாள், மற்றக் கையால் விரிப்பை விடாமல் இழுத்துக்கொண்டே.