நான் போலி என்று சொன்ன வாள்

கடலைக் கண்ணால் பார்க்காத ஊர் எங்கள் ஹட்டன். ஆனாலும் கப்பல் படைத் துரைமாரின் வாள் என்று சொல்லி என் கடைக்கு வந்த இரும்பையெல்லாம் அடுக்கினால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு காம்பிராவே நிறைந்துவிடும். தேயிலைத் தோட்டத்துத் துரைமார் இருந்த பங்களாக்களை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளாக்கிவிட்டார்கள். சுவரில் மாட்ட வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் வேண்டுமென்று என்னைத்தான் தேடி வருவார்கள். பழைய மேசை, பித்தளை விளக்கு, வாள் என்று விற்றுத்தான் நான் பிழைக்கிறேன்.

கண்டியிலிருந்து வந்த ஒருத்தன் ஒரு தடவை புது வாள் ஒன்றைப் பழசு என்று என் தலையிலேயே கட்டிவிட்டுப் போனான். அந்த ரோஷத்தில்தான் கற்றுக்கொண்டேன். அசல் வாளின் பிடி உச்சியில் ஒரு சிங்கத் தலை இருக்கும், பிடரி மயிர் இழை இழையாகத் தெரியும். போலியில் அந்த மூஞ்சி மொழுக்கென்று இருக்கும். பிடியில் சுற்றியிருப்பது சுரசுரப்பான மீன்தோலா, பிளாஸ்டிக்கா என்று விரல் வைத்தாலே சொல்லிவிடலாம். அலகில் நங்கூரமும் கிரீடமும் மெல்லிசாகச் செதுக்கியிருக்கும். இதெல்லாம் ஏமாற்றினாலும் ஒன்று ஏமாற்றாது. பிடியை ஒட்டினாற்போல், வாளைச் சோதித்ததற்கு அடையாளமாக, அலகுக்குள்ளேயே ஒரு சின்னப் பித்தளைப் பொட்டை அறைந்து இறக்கியிருப்பார்கள். போலியில் அது சும்மா ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும். இவ்வளவும் தெரிந்த பெரிய மனுஷன் நான்.

போன வருஷம் டயகம பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். எழுபது வயது தாண்டியிருக்கும். கையில் பழைய சேலையில் சுற்றிய வாள்.

"விக்க வரலைங்க மொதலாளி. இது மெய்யா பொய்யான்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

விற்க வராதவருக்கு எதற்கு நான் மினக்கெட வேண்டும் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. இருந்தாலும் உட்காரச் சொன்னேன். அவர் புருஷன் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அங்கிருந்த துரை முன்பு கப்பல் படையில் இருந்தவராம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை சீமைக்கே திரும்பிப் போனார். போகிற அன்று தன் வாளைச் சமையல்காரர் கையில் கொடுத்து, திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தோட்டத்துச் சனங்களை அரசாங்கம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப, அவர்கள் கூட்டம் கூட்டமாக ரயில் ஏறிய காலம் அது. இந்த அம்மாவின் தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் போனார்கள். புருஷன் மட்டும் அசையவில்லை. சொந்த வாளை விட்டுப் போனவன் வராமல் இருப்பானா, வந்து கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பது என்று சொல்லியே மனைவியை நிறுத்தி வைத்துவிட்டார். துரை வரவில்லை. தாய் தகப்பன் முகத்தையும் இந்த அம்மா அதற்குப் பிறகு பார்க்கவில்லை. புருஷனும் தவறி அப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. துரை ஏதோ கடைச்சரக்கைக் கொடுத்து உங்கள் ஆளை ஏமாற்றிவிட்டான் என்று லயத்தில் யாரோ சொல்லிவிட்டார்களாம். அதுதான் மனசு கேட்காமல் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

சேலையைப் பிரித்தேன். அலகு வழவழவென்று, ஒரு கோடு இல்லை, நங்கூரம் இல்லை. சிங்கத்தின் மூஞ்சி மொழுக்கென்று இருந்தது. பிடியில் மீன்தோல் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புத் துணி. பிடியை ஒட்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்கில் அப்பி, விரல் தடிமனுக்குக் காய்ந்துபோயிருந்தது. நகத்தைக் கொண்டுபோனேன். பூசை வைத்த பொருளிலிருந்து குங்குமத்தைச் சுரண்ட மனசு வரவில்லை, கையை எடுத்துக்கொண்டேன். அதுவரைக்கும் குற்றமில்லை. பார்க்காத இடத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நுவரெலியா விடுதிக்காரன் ஒருவன் போனில் காத்துக்கொண்டிருந்தான். எனக்கு அவசரம்.

"போலிதாம்மா. இந்த மாதிரி ஆயிரம் பார்த்திருக்கேன்."

அந்த அம்மா வாளைத் திரும்பச் சுற்றக்கூட இல்லை. சேலையை ஒரு கையிலும் வாளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

இரண்டு மாதம் இருக்கும். வட்டகொடையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி, பழைய பித்தளை இருந்தால் என்னிடம் கொண்டுவருவார். அன்று அவர் பையிலிருந்து விழுந்தது அந்தச் சிங்கத் தலைப் பிடி, விரல் நீளத்துக்கு அலகின் அடிக்கட்டையோடு. அந்த அம்மாவின் மகன், போலி வாள் வீட்டில் எதற்கு என்று கொண்டுவந்து கவ்வாத்துக் கத்தி அடிக்கச் சொன்னானாம். தேயிலைச் செடி வெட்டுகிற கத்திக்கு இவ்வளவு நல்ல உருக்கு இந்தக் காலத்தில் கிடைக்காது, மூன்று கத்தி அடித்தேன் என்றார் ஆசாரி.

பிடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உலைச் சூட்டில் சந்தனம் கருகி உதிர்ந்திருந்தது. அடியில் பித்தளைப் பொட்டு. நெம்பினேன், அசையவில்லை. அலகோடு அலகாக இறங்கியிருந்தது. அதைச் சுற்றி, தேய்க்கிற கை எட்டாத இடத்தில், செதுக்கிய கொடி ஒன்றின் நுனி தெரிந்தது. சிங்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேடெல்லாம்தான் தேய்ந்திருந்தது. பள்ளத்துக்குள் பிடரி மயிர் அப்படியே இருந்தது.

இது எப்படித் தேய்ந்தது என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு நானும் என் தராசுத் தட்டைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத்தான் தேய்க்கிறேன், சந்தனம்தான் வைக்கிறேன். அந்த மனுஷன் ஐம்பது வருஷம் வாளைச் சாமியாக வைத்திருக்கிறார். நங்கூரத்தையும் கிரீடத்தையும் தன் கையாலேயே தேய்த்து அழித்து, பிடிக்குச் சாமித் துணி சுற்றி, மிச்சமிருந்த ஒரு சாட்சியையும் சந்தனத்தால் மூடியிருக்கிறார். இந்த மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, எழுதும்போதும்.

மறுநாளே டயகம பஸ் ஏறினேன். விசாரித்து லயத்தைக் கண்டுபிடித்தேன். மகன் கவ்வாத்துக்குப் போயிருந்தான். அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுற்றி வளைக்கவில்லை. பிடியை அவர் மடியில் வைத்தேன்.

"நான் சொன்னது தப்பும்மா. அது அசல் வாள். தொரை ஏமாத்தல. ஒங்க வீட்டுக்காரரு சொன்னது அத்தனையும் மெய்தான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். வெகுநேரம் அந்தச் சிங்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கத்தி அடித்துவிட்டீர்களே என்று நான்தான் ஏதோ உளறினேன்.

"வாளு போனா போவுதுங்க" என்றார். "போன மாசம் அவரு மொதத் திதி. இந்தப் பொய்யை நம்பித்தானே என்னைய அம்மா அப்பாகிட்ட இருந்து பிரிச்சாருன்னு, ஒரு வாய் சோறு படைக்கலைங்க நானு. பசியோட வந்துட்டு, பசியோடயே போயிருப்பாரு."