தமயந்தி படிக்காத புத்தகங்கள்

மன்னவனூரில் பூண்டு பயிரிடும் தமயந்தி இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் எழுதியவள். களையெடுக்கப் போனாலும் மடியில் ஒரு புத்தகம் இருக்கும். சர்க்கரை நோயால் பார்வை ஆறு மாதம்கூடத் தாங்காது என்று மதுரையில் டாக்டர் சொன்னதிலிருந்து அவள் தோட்டத்துக்கே போகவில்லை. படிக்காமல் வைத்திருந்த நாற்பது புத்தகங்களையும் வெயிலில் அடுக்கிக்கொண்டு, வெறிபிடித்தவள்போல் படித்தாள். பதினேழாவது புத்தகத்தின் நடுவில் எழுத்துகள் கரைந்துபோயின.

"என்னங்க, இதை வாசிங்க," என்று கணவன் சேனாதிபதியிடம் நீட்டினாள்.

"உரமூட்டையில இருக்குறதையே நான் எழுத்துக்கூட்டித்தான படிப்பேன்."

"எழுத்துக்கூட்டியே வாசிங்க."

ஒரு பக்கம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. கதை அவளுக்குப் பிடிபடவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பக்கத்தைத் திருப்புங்க," என்றாள்.