புல்வெளியில் நட்ட குச்சி

"மருந்து அடிச்ச புல்லுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்னா கேடு?"

செல்லம்மாள் கூடையை மேசைமேல் கவிழ்த்தார். கோரையும் மண்ணும் டெலிபோனில் சிதறின. மேசைக்குப் பின்னாலிருந்த வெங்கடாசலம் துள்ளி எழுந்தார். மரக்காணத்தைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் அந்த விடுதிக்கு அவர்தான் மேனேஜர். நேற்றுவரை செல்லம்மாளுக்கு அவர் 'சார்'.

செல்லம்மாள் உப்பளத்தில் உப்பு வாரியவர். சுனாமி வந்து பாத்தியெல்லாம் சேற்றைத் தள்ளிவிட்டுப் போனதும், 2005இல் இங்கே புல்வெளியில் களையெடுக்க வந்தார். கூலி சொற்பம். பிடுங்கிய புல் களையெடுத்தவளுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை நம்பித்தான் ஒரு கறவை மாடு வைத்திருந்தார்.

கோரை சாகட்டும், புல்லில் வட்டவட்டமாகப் பரவும் கருகல் நோயும் நிற்கட்டும் என்று முந்தின நாள் இரண்டு மருந்து அடிக்கச் சொல்லியிருக்கிறார் வெங்கடாசலம். அன்று காலை வேலைக்கு வந்த செல்லம்மாளிடம் யாரும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. அவரும் பிடுங்கியதைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டுவிட்டார். மருந்தடித்த சவரிமுத்து விஷயம் தெரிந்து, "அக்கா, போடாத!" என்று சைக்கிளில் கத்திக்கொண்டு வந்தபோது பாதிக் கூடை காலி.

"இப்ப என்ன, மாடு செத்தா போச்சு?" என்றார் வெங்கடாசலம்.

"பாலைக் கறந்து கீழ ஊத்துன்னுட்டாரு மாட்டு டாக்டரு. கன்னுக்குக்கூட வுடக்கூடாதாம், அது கட்டுத்தறியில கத்துது. உன் வூட்டுப் புள்ளைக்குக் குடுப்பியா அந்தப் பாலை?"

"மெதுவா பேசும்மா. கெஸ்டுக்குத் தெரிஞ்சா புல்லுல கால் வைப்பாங்களா?"

அறைச் சாவி வாங்க அங்கே நின்றிருந்த நான் புல்வெளியைத் திரும்பிப் பார்த்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் மகள் தமிழ்நிலாவுக்குத் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுப்பேன். புல்லுக்குப் பயப்படத் தோன்றவில்லை. அவள் காலையிலிருந்து அதில்தான் உருண்டுகொண்டிருந்தாள்.

"அவங்களுக்கும் சொல்லலியா நீ? எங்க ஊர்ல கத்திரிக்கு மருந்து அடிச்சாலே வரப்புல துணி கட்டுவான்யா, ஆடு வாய் வெச்சிடும்னு!"

செல்லம்மாள் மூலையிலிருந்த துடைப்பக் கம்பில் விடுதியின் வெள்ளைத் துண்டு ஒன்றைக் கட்டினார். நடுப் புல்வெளிக்குப் போய் ஓங்கிக் குத்தினார். வெங்கடாசலம் பின்னாலேயே ஓடினார், நானும்.

"புடுங்கு அதை! ராத்திரி இங்க கல்யாண ரிசப்ஷன் இருக்குது!"

"நீயே புடுங்கு. நாளையிலேருந்து கோரையும் நீயே புடுங்கு."

வெங்கடாசலம் கம்பில் கை வைத்தார். நான் மகளை வாரி எடுத்துக்கொண்டே, "எடுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அறைகளின் கதவுகள் திறந்தன. "என்ன சார் துணி அது?" என்று மாடியிலிருந்து ஒருவர் கேட்டார். வெங்கடாசலத்தின் கை தானாக இறங்கியது.

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கச் செல்லம்மாள் நிற்கவில்லை. சாயங்காலப் பாலையும் கறந்து கொட்ட வேண்டியிருந்தது.